ஊர்வலத்துக்கு எதிர்ச்சொல்

(நூலக வாசகர் வட்டக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



முதலில் ஒரு பழைய கடனைச் சொல்லிவிடுகிறேன். தமிழாசிரியராக வேலைக்குச் சேர்ந்த புதிதில் எட்டாம் வகுப்புக் காலாண்டுத் தேர்வுக்கு வினாத்தாள் எழுதினேன். 'எதிர்ச்சொல் தருக' என்று ஐந்து சொற்கள். இரவு, இனிமை, வெற்றி மாதிரி வழக்கமானவை நாலு. ஐந்தாவது கொஞ்சம் வித்தியாசமாக இருக்கட்டுமே என்று 'ஊர்வலம்' என்று எழுதிவிட்டேன். அதற்கு விடை என்னவென்று நானே யோசித்திருக்கவில்லை. வயசு அப்படி.

திருத்த உட்கார்ந்தபோதுதான் வினை தெரிந்தது. பாதிப் பேர் இடத்தைக் காலியாக விட்டிருந்தார்கள். நாலைந்து பேர் 'தனிமை' என்று எழுதியிருந்தார்கள். ஒருத்தன் 'வீடு' என்றான். தேரடித் தெருவிலிருந்து வந்துகொண்டிருந்த பையன் ஒருவன் 'நிலை' என்று எழுதியிருந்தான். சிவப்பு மையால் சுழித்துவிட்டு, 'தனிமை' எழுதியவர்களுக்கு மட்டும் மார்க் போட்டேன். விடைத்தாளை வாங்கிப் பார்த்த தேரடிப் பையன் எழுந்து நின்று, "ஐயா, இது சரிதானுங்களே ஐயா" என்றான். "உட்கார்டா" என்றேன். உட்கார்ந்துவிட்டான்.

இன்றைய பேச்சு அந்த ஒரு மார்க்கைப் பற்றியது.

நம் முன்னோர் எதிர்ச்சொல்லைப் பெரிதாகக் கண்டுகொண்டதாகத் தெரியவில்லை. திவாகர நிகண்டில் 12 தொகுதிகள். தெய்வத்துக்கு எத்தனை பெயர், விலங்குக்கு எத்தனை பெயர், ஒரு சொல்லுக்கு எத்தனை பொருள் என்றெல்லாம் தொகுத்திருக்கிறார்கள். எதற்கு எது எதிர் என்று தொகுதி கிடையாது. திண்ணைப் பள்ளியில் சூடாமணி நிகண்டை மனப்பாடம் செய்த பிள்ளைகளும் ஒரு பொருளுக்குப் பல பெயர் படித்தார்களே தவிர, 'இதன் எதிர் யாது' என்ற கேள்விக்குப் பயந்ததாகத் தெரியவில்லை. அந்தப் பயம் நம் வினாத்தாள் காலத்துச் சரக்கு.

சொல்லைப் பிரித்துப் பார்க்கலாம் என்றால் ஊர், வலம் என்று இரண்டாகப் பிரிகிறது. ஊரை வலமாகச் சுற்றி வருவது. வலத்துக்கு எதிர் இடம். அப்படியானால் ஊரை இடமாகச் சுற்றுவது எதிர்ச்சொல் ஆகுமா? நம்மிடம் இடமாகச் சுற்றும் வழக்கம் இருக்கத்தான் செய்கிறது. பல குடும்பங்களில் கொள்ளிக்குடம் தோளில் ஏறியதும் சுற்று திசை மாறிவிடும். இருந்தாலும் பத்திரிகைக்காரர் அதற்கு முன் நடந்ததை 'இறுதி ஊர்வலம்' என்றுதான் எழுதுகிறார். சாவும் ஊர்வலத்துக்குள் அடங்கிவிடுகிறது. அந்தச் சொல்லின் பிடி அவ்வளவு பெரியது.

சரி, பட்டாளத்துக்குப் போவோம். 'பரேட்' என்பதற்கு அணிவகுப்பு என்று மொழிபெயர்த்தவர் யாரோ, அவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டும். அணி என்றால் வரிசை. அணி என்றால் நகையும்தான். சிப்பாய்களை வரிசையாக நிறுத்துவதும், உள்ளதை எல்லாம் பூட்டிக்கொண்டு நாலு பேர் பார்க்க நிற்பதும் ஒரே சொல்லுக்குள் இருக்கின்றன. ஆங்கிலத்தில் பரேட் என்றால் ஊர்வலமும் உண்டு, காட்டிக்கொள்ளுதலும் உண்டு. அந்த இரட்டை அர்த்தத்துக்கு இதைவிடப் பொருத்தமான சொல்லைத் தேடிப் பிடிக்க முடியாது.

பள்ளியில் தேசிய மாணவர் படையில் இருந்தவர்கள் இங்கே யாராவது இருக்கிறீர்களா? இரண்டு கை தெரிகிறது. உங்களுக்கு ஞாபகம் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை காலை, கஞ்சி போட்ட காக்கி, கடிக்கிற பூட்ஸ். 'சாவ்தான்', 'விஸ்ராம்', 'தேஜ் சல்' என்று இந்தியில் கட்டளை. அர்த்தம் தெரியாது, கால் மட்டும் தெரிந்துகொள்ளும். கடைசியில் ஒரு சொல் வரும்: 'விசர்ஜன்'. வலப்பக்கம் திரும்பி, சல்யூட் அடித்து, கலைந்து ஓடுவோம், பூரி கிழங்கு வாங்க. பரேட் மைதானத்தில் நான் கற்ற எதிர்ச்சொல் அதுதான். விநாயகர் சதுர்த்திக்குப் பிறகு பிள்ளையாரைக் கடலில் கரைக்கிறார்களே, அங்கேயும் அதே சொல்: விசர்ஜனம். சிப்பாயும் பிள்ளையாரும் ஒரே வினைச்சொல்லில் கரைகிறார்கள். தமிழில் நாம் அதைக் 'கலைதல்' என்கிறோம். 'கூட்டம் கலைந்தது', 'கலைந்து செல்லுமாறு போலீசார் எச்சரித்தனர்' என்று தினமும் பத்திரிகையில் படிக்கிறோம். ஆனால் இதை எதிர்ச்சொல்லாக ஏற்க எனக்குத் தயக்கம். கலைவது ஊர்வலத்துக்கு நேர்கிற முடிவு. கோலமும் கலையும், தூக்கமும் கலையும்.

டெல்லியில் குடியரசு தின அணிவகுப்பு ஜனவரி 26 அன்று நடக்கிறது. மூன்றாம் நாள், 29 மாலையில், விஜய் சௌக்கில் இன்னொரு நிகழ்ச்சி. சூரியன் சாய்கிற நேரத்தில் முரசு ஒலிக்க, அந்தக் காலத்தில் படைகள் சண்டையை நிறுத்திவிட்டுக் கூடாரத்துக்குத் திரும்பியதன் நினைவாக நடப்பது. தமிழில் இதற்குப் 'பாசறை திரும்பும் நிகழ்ச்சி' என்று பெயர் வைத்தார்கள். வானொலிச் செய்தியில் கேட்கும்போதெல்லாம் எனக்குச் சங்கப் பாட்டுக்குள் நுழைந்த மாதிரி இருக்கும். பாசறை பழைய சொல். போன வேலை முடிந்து தலைவன் வீடு திரும்புவதும் நம் முல்லைத் திணைக்கு வெகு பக்கம். அணிவகுப்புக்கு மூன்று நாள் கழித்து அதன் எதிர்ச்சொல்லையும் ஒரு விழாவாகவே நடத்துகிறார்கள் என்பது எனக்குப் பிடித்திருக்கிறது.

நீதிமன்றப் பக்கம் 'அடையாள அணிவகுப்பு' என்று ஒன்று உண்டு. மாஜிஸ்திரேட் முன்னால், சந்தேகப்பட்டவரை உருவத்தில் ஒத்த வேறு சிலரோடு வரிசையில் நிறுத்துவார்கள். சாட்சி வந்து அடையாளம் காட்ட வேண்டும். அதுவும் அணிவகுப்புதான். ஆனால் அந்த வரிசையில் நிற்கிற ஒருவர்கூடத் தனியாகத் தெரிய ஆசைப்படமாட்டார். ஒரு சொல்லின் எதிர்ப்பொருள் சில சமயம் அந்தச் சொல்லுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும்.

இனி, காட்டிக்கொள்ளுதல். இதில் தமிழ் பணக்கார மொழி. பகட்டு, பவுசு, ஜம்பம், டாம்பீகம், படாடோபம், பந்தா, பீற்றல், அலட்டல். பிள்ளைகள் கேட்டால் 'சீன்', 'கெத்து'. இந்த வரிசையைச் சொல்லும்போதே வாய் நிறைகிறது. எதிர்ப்பக்கம் கேட்டால் 'எளிமை', 'அடக்கம்' என்று இரண்டு சொல்லோடு நிறுத்திக்கொள்கிறோம். அது அகராதி வாசிப்பவர்களின் வறுமை. ஊர் வாயில் வேறு கதை. "காதும் காதும் வைத்த மாதிரி முடித்துவிட்டார்கள்" என்பார்கள். "ஓசைப்படாமல் ஒரு வீடு வாங்கிவிட்டான்" என்பார்கள், கொஞ்சம் பொறாமையோடு. "மனுஷன் அலட்டிக்கவே மாட்டார்" என்பார்கள். இவை எல்லாம் சொல்லாக இல்லாமல் சொற்றொடராக இருப்பதால் வினாத்தாளில் இடம் கிடைக்கவில்லை.

அதிலும் ஒன்றை மட்டும் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்: 'அடக்கி வாசி'. அரசியல்வாதியிலிருந்து மாமியார் வரை எல்லோருக்கும் இந்த அறிவுரை கிடைத்திருக்கும். இது மேளக்காரர் வீட்டிலிருந்து வந்த பேச்சு. சாமி புறப்பாட்டுக்கு நாயனக்காரர் முதலில் வாசிப்பது மல்லாரி. நாகஸ்வரம் திறந்த வெளிக்காக உண்டான வாத்தியம். நாலு தெரு தள்ளிக் கேட்கிற மாதிரி ஊதத்தான் அது பிறந்திருக்கிறது. அதை அடக்கி வாசிப்பது நெஞ்சுக்கும் உதட்டுக்கும் பெரிய வேலை. சத்தமாக ஊதத் தெரியாதவனுக்கு அடக்கி வாசிக்கவும் வராது. இரவு சாமி பள்ளியறைக்குப் போகும்போது அதே நாயனத்தில் நீலாம்பரி வரும். என்னைக் கேட்டால் மல்லாரிக்கு எதிர்ச்சொல் நீலாம்பரி. தேர்வில் கேட்கமாட்டார்கள்.

காட்டிக்கொள்கிறவனைத் 'தம்பட்டம் அடிக்கிறான்' என்கிறோம். தம்பட்டமும் ஊர்வலத்தின் முன்னால் போகிற பறைதான். 'ஆர்ப்பாட்டம்' என்ற சொல்லைப் பாருங்கள். கலெக்டர் அலுவலகம் முன்பு கொடி பிடித்து நிற்பதும் ஆர்ப்பாட்டம். 'ஆர்ப்பாட்டமில்லாத மனிதர்' என்று இரங்கல் கூட்டத்தில் பாராட்டுவதும் அதே ஆர்ப்பாட்டத்தைக் கழித்துத்தான். வாழ்நாள் முழுக்க ஆர்ப்பாட்டம் நடத்திச் சிறை போன ஒரு தோழரை, "ஆர்ப்பாட்டமே இல்லாதவர்" என்று ஒரு பேச்சாளர் சொன்னதை நானே கேட்டிருக்கிறேன். கூட்டத்தில் யாரும் சிரிக்கவில்லை. அர்த்தம் எல்லோருக்கும் புரிந்தது.

ஊர்வலம் போகிறவனெல்லாம் பகட்டுக்காரன் ஆகிவிடமாட்டான் என்பதற்கு வேதாரண்யம் சாட்சி. 1930 ஏப்ரல் 13-ல் ராஜாஜி திருச்சியிலிருந்து உப்பெடுக்கப் புறப்பட்டார். தொண்டர்கள் ஏறத்தாழ நூறு பேர், நடை ஏறத்தாழ 150 மைல். தஞ்சைக் கலெக்டர் தார்ன், இவர்களுக்குச் சோறோ இடமோ கொடுத்தால் தண்டனை என்று அறிவித்தார். நடுத்தெருவில் பாட்டுப் பாடிக்கொண்டு போகிற தொண்டர்களுக்கு மக்கள் ஒளித்துச் சோறு போட்டார்கள். வழியில் மரக்கிளைகளில் பொட்டலம் கட்டித் தொங்கவிட்டார்கள் என்று அந்தக் கதையைச் சொல்கிறவர்கள் எல்லோரும் சொல்வார்கள். ஒரே சாலையில் ஒரே நாளில் ஊர்வலமும் இருந்தது, 'காதும் காதும் வைத்த மாதிரி'யும் இருந்தது. இரண்டும் ஒன்றையொன்று எதிர்க்கவில்லை. ஒன்றுக்கொன்று சோறு போட்டன.

இலக்கியத்தில் இதற்கென்றே 'உலா' என்று ஒரு வகை இருக்கிறது. சேரமான் பெருமாள் பாடிய திருக்கயிலாய ஞான உலாவை ஆதி உலா என்பார்கள். ஒட்டக்கூத்தர் மூன்று சோழர்களுக்கு மூன்று உலாப் பாடினார். தலைப்பில் இருப்பவன் அரசன். ஆனால் புத்தகத்தைத் திறந்தால் பாட்டு முழுக்கப் பெண்கள். ஐந்து வயதுப் பேதையிலிருந்து நாற்பதைத் தொடும் பேரிளம்பெண் வரை ஏழு பருவத்தார் தெருவில் நின்று பார்க்கிறார்கள், உருகுகிறார்கள், வளையைத் தொலைக்கிறார்கள். யானைமேல் வருகிறவன் சும்மா வருகிறான். உலா பார்க்கிறவர்களால்தான் நடக்கிறது. இப்படி யோசித்தால் ஊர்வலத்துக்கு எதிர், தெருக்கதவைச் சாத்திக்கொள்வது. 2020-ல் அதையும் பார்த்தோம். மதுரையில் அந்த ஆண்டு சித்திரைத் தேர் ஓடவில்லை. மே 4 அன்று மீனாட்சி கல்யாணத்தைச் சில பட்டர்கள் மட்டும் கோயிலுக்குள் நடத்த, ஊர் அதைக் கைப்பேசியில் பார்த்தது. மாசி வீதி வெறிச்சோடிக் கிடந்தது. அந்த வெறுமைக்குப் பெயர் வைக்கச் சொல்லியிருந்தால் என் 'தனிமை' மாணவர்களுக்கு முழு மார்க் கொடுத்திருக்கலாம்.

இப்போது தேரடிப் பையனிடம் வருகிறேன்.

ஓய்வு பெற்ற பிறகுதான் திருவாரூர் ஆழித்தேரை முதல் தடவை நெருங்கி நின்று பார்த்தேன். அலங்காரத்தோடு 96 அடி உயரம், எடை 300 டன் என்பார்கள். தூரத்திலிருந்து பார்க்கிறவனுக்கு உச்சியும் சீலையும் வடமும்தான் தெரியும். பக்கத்தில் போனால் சக்கரத்தடியில் வேறொரு உலகம். கையில் கட்டையோடு ஆட்கள். முட்டுக்கட்டைக்காரர்கள். இவர்கள் யாரும் மேலே நிமிர்ந்து பார்ப்பதில்லை, கண் முழுக்கச் சக்கரத்தில். தேர் ஓடுகிற வேகத்துக்கு ஈடாகக் குனிந்து ஓடி, சக்கரத்துக்கும் மண்ணுக்கும் நடுவே கட்டையைச் செருகுவார்கள். ஒரு பக்கச் சக்கரத்துக்குச் செருகினால் தேர் அந்தப் பக்கம் திரும்பும். இரண்டு பக்கமும் செருகினால் நிற்கும். கட்டை நசுங்கிப் புகை வரும் வாசனையை அன்றைக்குத்தான் அறிந்தேன். திருச்சி பெல் நிறுவனம் இரும்பு அச்சும் ஹைட்ராலிக் பிரேக்கும் செய்து கொடுத்த பிறகும் முட்டுக்கட்டைக்கு வேலை போகவில்லை. மூலை திரும்ப அந்தக் கட்டைதான் வேண்டும்.

நாம் 'முட்டுக்கட்டை போடாதே' என்று திட்டுகிறோம். நல்ல காரியத்தைக் கெடுப்பவன் என்று அர்த்தம் பண்ணிவிட்டோம். அந்தச் சொற்றொடரை உண்டாக்கியவன் தேரைத் தூரத்திலிருந்து பார்த்தவனாக இருக்க வேண்டும். கட்டை போடுகிறவன் இல்லாவிட்டால் தேர் முதல் மூலையிலேயே யார் வீட்டுத் திண்ணைமேலாவது ஏறிவிடும்.

இன்னொன்றும் அங்கேதான் உறைத்தது. அவ்வளவு பெரிய தேரில் அமர்ந்து வரும் தியாகராஜருடைய முகம் மட்டும்தான் எப்போதும் தெரியும். உடம்பு முழுக்கத் துணியும் மாலையும் மூடியிருக்கும். பாத தரிசனம்கூட ஆண்டில் இரண்டே நாள். ஊரே கூடி இழுக்கிற தேரில், தன்னைக் காட்டிக்கொள்ளாத சாமி. காஞ்சிபுரத்து அத்தி வரதர் இன்னும் ஒரு படி மேலே. 40 ஆண்டு குளத்துக்குள் இருந்துவிட்டு, 2019-ல் 48 நாள் வெளியே வந்தார், பிறகு தண்ணீருக்குள் போய்விட்டார். அந்த 48 நாளும் கூட்டம் தாங்கவில்லை.

மாலையில் தேர் கிளம்பின இடத்துக்கே திரும்பி வந்தது. வடத்தைக் கீழே போட்டுவிட்டு ஜனங்கள் தண்ணீர்ப் பந்தலுக்கு நகர்ந்தார்கள். பக்கத்தில் நின்ற பெரியவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "தேர் நிலைக்கு வந்துருச்சுங்க" என்றார். எனக்குச் சட்டென்று அந்தச் சிவப்புச் சுழி ஞாபகம் வந்தது.

நிலை. தேர் நிற்கிற இடம். 'தேர் நிலைக்கு வந்தது', 'நிலை சேர்ந்தது' என்று தமிழ்நாடு முழுக்கச் சொல்கிறார்கள். ஸ்ரீரங்கத்தில் நம்பெருமாள் மூலஸ்தானம் சேர்ந்தார் என்பார்கள். பரேட் என்ற சொல்லுக்கு ஸ்பானிய மொழியில் 'பராதா' என்று ஓர் உறவுச்சொல் உண்டு. அந்த மொழியில் இன்றைக்கும் பேருந்து நிறுத்தத்துக்கு அதுதான் பெயர். எட்டாம் வகுப்புப் பையனுக்கு ஸ்பானியம் தெரிய நியாயமில்லை. தன் தெருவைத் தெரிந்திருந்தது. திருக்குறளில் அடக்கமுடைமை அதிகாரத்தை வகுப்பில் எத்தனை தடவை நடத்தியிருப்பேன்! அதில் ஒரு குறள் நிலை, அடக்கம் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, அப்படிப்பட்டவனின் தோற்றத்துக்கு மலையையே அளவாக எடுக்கிறது. நடத்தும்போது நிலை என்றால் 'ஒழுக்கநெறி' என்று பொருள் எழுதிப் போட்டேன். சரியான பொருள்தான். ஆனால் தேர் நிற்கிற இடம் என்று ஒரு பையன் எழுதினால் அதை மறுக்கிற அளவுக்கு எனக்கு அது சரியாகத் தெரிந்திருக்கவில்லை.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் போனால் நான் பேசியது பாதி உண்மை. நிலையும் எப்போதும் நல்ல சொல் இல்லை. சிவகங்கை மாவட்டம் கண்டதேவியில் சொர்ணமூர்த்தீசுவரர் கோயில் தேர் பல ஆண்டுகள் நிலையிலேயே நின்றது. வடம் யார் பிடிப்பது என்ற சாதி வழக்குதான் காரணம். தாழ்த்தப்பட்ட மக்களும் வடம் பிடிக்கும் உரிமை கேட்டார்கள். நீதிமன்றம் போனார்கள், போலீஸ் வந்தது. 2024 ஜூனில்தான் பலத்த காவலோடு மறுபடியும் தேர் ஓடியது. ஓடி முடித்து நிலைக்கு வருவது வேறு. ஓடவிடாமல் நிலையிலேயே நிறுத்துவது வேறு. அந்தப் பெரியவர் துண்டால் முகம் துடைத்துக்கொண்டு சொன்ன வார்த்தை முதல் வகையைச் சேர்ந்தது. எந்த ஊர்வலமும் இன்னும் போகாத தெருக்கள் நம் ஊர்களில் இருக்கின்றன. அந்தத் தெருக்காரரிடம் போய் ஊர்வலத்துக்கு எதிர்ச்சொல் கேட்டால், 'எங்கள் தெரு' என்று சொல்வார். அதற்கும் நான் சுழி போட முடியாது.

அந்தப் பையனைப் பிறகு நான் பார்க்கவில்லை. பார்த்தால் மார்க்கைத் திருத்திக் கொடுக்கிறேன் என்று வேடிக்கையாகச் சொல்லிக்கொள்கிறேன். உங்களிடம் கேட்பது வேறு. வந்திருப்பவர்களில் பாதிப் பேர் வெளியூர்க்காரர்கள். உங்கள் ஊரில் தேரோ சப்பரமோ முளைப்பாரியோ கிளம்பும்போது ஒரு சொல் இருக்கும், அது திரும்பி வந்து நிற்கும்போது இன்னொரு சொல் இருக்கும். முதல் சொல் அழைப்பிதழில் அச்சாகிவிடும். இரண்டாவது அச்சாவதில்லை, பாட்டிமாரோடு போய்விடும். வாசலில் மேசைமேல் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறார்கள். மழைக்காகக் கொண்டுவந்த குடையை எடுக்கிறபோது உங்கள் ஊர்ப் பெயரையும் அந்த இரண்டாவது சொல்லையும் அதில் எழுதிவிட்டுப் போங்கள்.